அடுத்தவர் பூட்டு

அத்தியாயம் 9

போன வாரம் விசில் டீச்சரைப் பயிற்சிக் கூடத்தின் வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

விசில் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டும் ஒழுங்கும் அவள் பொறுப்பு. அவள் ஒரு முறை ஊதினால் மைதானத்துக் காக்கைகூட வரிசையில் உட்காரும் என்று அவள் மகனே சொல்லித் திரிவான். ஏழாம் வகுப்பு. வீட்டிலும் பள்ளியிலும் அவனுக்குப் பெயர் வாண்டு.

மகள் பெரியவள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். அப்பாவைப் போல லிஃப்ட் மெக்கானிக் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அதை அவள் வாயால் சொன்னதில்லை. அம்மா கல்லூரி விண்ணப்பத்தை நீட்டியதும் பேசாமல் உட்கார்ந்து நிரப்பினாள். நிரப்பிக்கொண்டே அழுதாள்.

"அக்காவுக்கு லிஃப்ட்தாம்மா வேணும். நீ கேக்கவே இல்லையே," என்று போட்டு உடைத்தவன் வாண்டு.

அந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஊரில் இருக்கும் ஒரே வாசல் இந்தப் பயிற்சிக் கூடம். இன்று ஆள் எடுக்கிறார்கள். இன்று தவறினால் அடுத்த வருஷத்துக்குள் பெரியவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

டீச்சர் அரை நாள் லீவு போட்டு வந்ததற்குக் காரணம் மகள் மட்டும் இல்லை. அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்.

அவள் கையில் வளர்ந்த பிள்ளைகள் எங்கே போய் நின்றாலும் தனியாகத் தெரிவார்கள். நகம் வெட்டியிருக்கும். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நிற்பார்கள். ஆஸ்பத்திரி, வங்கி, பட்டாளம் எல்லாம் அவர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டன. இந்தக் கூடம் மட்டும் வருஷா வருஷம் அவர்களைத் திருப்பி அனுப்பியது. ஒருவர் விடாமல்.

கணவரிடம் கேட்டுப் பார்த்தாள். இந்தக் கூடத்தை நடத்தும் லிஃப்ட் கம்பெனியில் சீனியர் மெக்கானிக் அவர்.

"எனக்கென்ன தெரியும் டீச்சர்," என்றார். வீட்டிலும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். சொல்லும்போது மின்விசிறியைப் பார்த்தார். பொய் சொல்லும்போது அவர் பார்க்கும் இடம் அது.

முற்றத்தின் நடுவில் ஒரு கோபுரம் நின்றது. நாலு மாடி உயரம். உள்ளே வீடு கிடையாது, அலுவலகம் கிடையாது. ஒரே ஒரு லிஃப்ட். கற்றுக்கொள்வதற்காகக் கட்டியது. பெரியவள் அதற்குள் போய்க் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது.

பெஞ்சின் அடுத்த முனையில் ஒரு பையன் வந்து விழுந்தான். தாமதமாக வந்திருந்தான். சட்டை கசங்கிப் பாதி வெளியே தொங்கியது. பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

டீச்சரால் தாங்க முடியவில்லை.

"சட்டையை உள்ளே விடுப்பா."

"ஏன்?"

அவன் திமிராகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"பார்க்க நல்லா இருக்கும்."

"யாருக்குங்க?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி அவளிடம் வந்ததில்லை. அதனால் பதிலும் தயாராக இல்லை.

அப்போது கோபுரத்துக்குள் மணி அடித்தது. நீளமான, கரகரத்த மணி. கதவைத் திறந்துகொண்டு ஓர் உதவியாள் எட்டிப் பார்த்து, "அடுத்த ஆள்," என்றார். கசங்கல் சட்டை எழுந்து போனான். சட்டை அப்படியேதான் தொங்கியது.

பெரியவள் வரவில்லை.

மறுபடி மணி அடிக்கும் என்று டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடிக்கவில்லை. கசங்கல் சட்டை சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

"எடுத்துக்கிட்டாங்க," என்று பெஞ்சைப் பார்த்துச் சொன்னான். டீச்சரிடம் சொன்னானா, பெஞ்சிடம் சொன்னானா தெரியவில்லை.

பயிற்சி மாஸ்டர் டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குள்ளமான மனிதர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுவார். துடைத்தது போதும் என்று அவருக்கு எப்போதும் தோன்றாது போலிருந்தது.

"உட்காருங்க டீச்சர். உங்களைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"நானும்தான். எம்பொண்ணு எங்கே?"

"உள்ளே இருக்கா. கொஞ்சம் பொறுங்க. விஷயம் இருக்கு."

மேஜை மேல் ஒரு சிவப்புப் பூட்டு கிடந்தது. உள்ளங்கை அளவு. அதில் ஓர் ஆளின் போட்டோ ஒட்டியிருந்தது. யாரோ, டீச்சருக்குத் தெரியாத ஆள்.

"லிஃப்ட் ஓடற கூட்டுக்குள்ள ஒருத்தர் இறங்கி வேலை பார்க்கணும்னா, முதல்ல மெயின் சுவிட்சை அணைப்பார். அதுல அவரோட பூட்டை மாட்டுவார். சாவி அவர் பாக்கெட்ல. பூட்டு தொங்குதுன்னா உள்ளே ஒரு உயிர் இருக்குன்னு அர்த்தம். போட்டவர்தான் எடுக்கணும். முதலாளியே வந்து சொன்னாலும் அடுத்தவர் பூட்டை அடுத்தவர் தொடக் கூடாது. எங்க முதல் பாடமே அதுதான். இன்னைக்குக் காலைல எல்லாருக்கும் அதைச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சேன். உங்க பொண்ணு திருப்பிச் சொன்னா பாருங்க. ஒரு வார்த்தை பிசகலை."

டீச்சருக்கு முகம் மலர்ந்தது. மாஸ்டருக்கு மலரவில்லை.

"அப்புறம் தனித்தனியாக் கூப்பிட்டு ஒரு மாற்றுச் சாவியைக் கையில கொடுப்பேன். 'அவர் சாப்பிடப் போயிட்டார், லிஃப்ட் ஓடணும், சீக்கிரம் போய்த் திறந்து சுவிட்சைப் போடு'ன்னு அவசரப்படுத்துவேன். கரன்ட்டை வேற இடத்துல துண்டிச்சிருப்போம், ஆபத்து இல்லை. திறந்தா மணி அடிக்கும். அவ்வளவுதான் சோதனை."

டீச்சருக்கு அந்த மணிச்சத்தம் காதிலேயே இருந்தது.

"என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க..."

"எல்லாரும் திறந்துட்டாங்க. வெளியே சொல்லாதேன்னு அனுப்புவேன், அதையும் மீறலை."

"ஒருத்தர்கூட கேக்கலையா?"

"ஒருத்தன் கேட்டான். சாவியை இடது பக்கம் திருப்பணுமா, வலது பக்கமான்னு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோமோ என்று அடக்கிக்கொண்டாள்.

"இப்ப வந்தானே ஒருத்தன், கசங்கின சட்டை. அவன்?"

"சாவியை என் கையிலயே வெச்சுட்டான். 'அவர் வரட்டும் சார். எனக்கும் பசிக்குது, நானும் சாப்பிட்டுட்டு வந்துடறேன்'னு கிளம்பினான்." மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "எடுத்துக்கிட்டேன். ஆனா அவனை வெச்சுக்கிட்டு நான் படப்போற பாடு இருக்கே. நாள் பூரா ஸ்பானரை எங்க வெச்சேன்னு தேடுவான். மழை பெஞ்சா வரமாட்டான். உங்க பிள்ளைங்க வந்தா அந்தத் தொல்லையே இல்லை. துடைச்சு, எண்ணெய் போட்டு, எடுத்த இடத்துல வைப்பாங்க. எனக்கு அப்படிப்பட்ட பிள்ளைங்கதான் வேணும் டீச்சர். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆள் 'மாட்டேன்'னு சொன்னாப் போதும். தலையில தூக்கி வெச்சுக்குவேன். எனக்குப் புரியலை. என்னதான் செய்யறீங்க அவங்களை?"

குற்றம் சாட்டுகிற கேள்வி இல்லை அது. டீச்சருக்கு அது தெரிந்தது. அவளும் அதே கேள்வியோடுதான் வாசலில் உட்கார்ந்திருந்தாள், எதிர்ப்பக்கத்திலிருந்து.

"எம்பொண்ணு ஏன் இன்னும் வெளியே வரலை?"

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அதுதான் விஷயம். சோதனைன்னா உள்ளே நிஜமாவே ஓர் ஆள் உட்காரணும்னு வழக்கம். சீனியர் ஒருத்தர். இந்த வருஷம் முறை இந்தப் பூட்டுக்காரரோடது. உங்க வீட்டுக்காரர் வந்து, நான் உட்கார்றேன்னு கேட்டு வாங்கிக்கிட்டார். மகளை ஒளிஞ்சிருந்து பார்க்கிற ஆசைன்னு நினைச்சேன். சத்தம் போடாம லிஃப்டுக்கு அடியில இருக்கிற குழியில உட்காரப் போறார், என்ன கெட்டுடப் போகுதுன்னு விட்டுட்டேன்."

"அப்ப அவ திறந்தது..."

"அவங்க அப்பா பூட்டை."

வெளியே யாரோ இரும்புக் கம்பியைக் கீழே போட்டார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"மணி அடிச்சதும் மத்தவங்க முழிப்பாங்க. அழுவாங்க. போகலாம்னு சொன்னா போயிடுவாங்க," என்றார் மாஸ்டர். "இவ திரும்பப் பூட்டினா. சாவியை எடுத்துத் தரையில வெச்சா. சுவிட்சை மறைச்சுக்கிட்டு நின்னா. போகலாம்மான்னேன். போகலை. சத்தமாவே சொன்னேன். காதுல விழாத மாதிரி நின்னா. அடுத்தவன் சோதனைக்கு அவங்க அப்பாவோட இன்னொரு பூட்டை வேற சுவிட்சுல மாட்ட வேண்டியதாப் போச்சு. அவங்க அப்பா மேலே ஏறி வந்து கையைக் காட்டற வரைக்கும் நகரலை."

"நீங்க சொல்லியும்?"

"நான் சொல்லியும்."

டீச்சர் அதை மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெரியவள், சொன்னதைச் செய்யாமல் நின்றிருக்கிறாள். எங்கிருந்து வந்தது அது?

"இன்னும் ஒரு இடம் வெச்சிருக்கேன்," என்றார் மாஸ்டர். "வெள்ளிக்கிழமை அவளை அனுப்புங்க. இதே சோதனை இருக்காது."

"வேற என்ன இருக்கும்?"

"அதை உங்க வீட்டுக்காரர்கூட சொல்லமாட்டார்."

வாசலில் பெரியவள் நின்றிருந்தாள். கை இரண்டும் பின்னால். ஒழுங்காக வாரிய தலை. கண் மட்டும் சிவந்திருந்தது.

"போட்டோவைப் பார்த்தியா?"

"பார்த்தேம்மா."

"அப்பான்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. அதைப் பார்த்ததும் பயமே போயிடுச்சு. அப்பா விஷயத்துல யாரு பொய் சொல்லப் போறாங்கன்னு." அவள் நிறுத்தினாள். "அதுவுமில்லாம, மாஸ்டர் சொன்ன விதம் உன்னை மாதிரியே இருந்துச்சு. கை தானாப் போயிடுச்சு."

டீச்சர் மகளை பஸ் ஏற்றிவிட்டாள். கணவர் கோபுரத்தின் நிழலில் நின்று கைக்கரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். அங்கே மின்விசிறி இல்லை, வானம்தான் இருந்தது.

மதியம் அவளுக்கு ஏழாம் வகுப்பு மைதானத்தில்.

ஊதினாள். வரிசை நின்றது. அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. தினமும் அதைப் பார்த்தால் அவளுக்கு நெஞ்சு நிறையும். இன்று அவள் முகங்களைப் பார்த்தாள். எந்த முகத்திலிருந்தும் எதுவும் தெரியவில்லை. வரிசைக்காகக் கழுவித் துடைத்து வைத்த முகங்கள்.

ஒன்று செய்து பார்க்கத் தோன்றியது. அப்படித் தோன்றியது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் செய்தாள்.

"இடப்பக்கம் திரும்பு. நேரா நட."

இடப்பக்கம் மதில் சுவர்.

நடந்தார்கள். கால்கள் ஒன்றாக விழுந்தன. சுவர் நெருங்கியது. இப்போது நிற்பார்கள் என்று நினைத்தாள். யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். யாராவது "டீச்சர், சுவர்," என்பார்கள். கடைசியாக, வாண்டு ஒருவனாவது வேறு பக்கம் ஓடுவான். எல்லா ஆசிரியர்களும் புகார் கொண்டுவரும் பிள்ளை அவன். வகுப்பில் தவளை விட்டவன். அவனை நம்பித்தான் இந்தச் சோதனையையே செய்தாள்.

வாண்டு முன்வரிசையில் இருந்தான். சுவரை முதலில் தொட்டவன் அவன்தான். மூக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் போகாது. அங்கேயே நின்றபடி முட்டியை நெஞ்சு வரை தூக்கித் தூக்கி நடந்துகொண்டிருந்தான். பின்வரிசைகள் வந்து முதுகில் முட்டின. நடை நிற்கவில்லை.

டீச்சர் ஊதி நிறுத்தினாள். கலைந்து போகச் சொன்னாள். வாண்டை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஏன்டா நடந்தே?"

"நீங்கதானே டீச்சர் நடக்கச் சொன்னீங்க." பள்ளியில் அவன் அம்மா என்று கூப்பிடக் கூடாது. அதுவும் அவள் சட்டம்தான்.

"எதிர்ல சுவர் தெரியலையா?"

"தெரிஞ்சுதே."

"அப்புறம்?"

"உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஏதோ காரணம் வெச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்." அவன் நெற்றியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. "என்ன காரணம் டீச்சர்?"

"சும்மாதான்."

"சும்மாவா?"

அவன் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. கடையில் பொம்மையைத் தட்டிப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்ட குழந்தையின் முகம் மாதிரி இருந்தது.

"அடுத்த தடவை சும்மான்னா முன்னாடியே சொல்லிடுங்க," என்றான். "முட்டி வலிக்குது."

ஓடிப் போய்விட்டான். டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பயத்தால் செய்கிறார்கள் என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். பயம் என்றால் குறைத்துவிடலாம். குரலைத் தணிக்கலாம், தண்டனையை விடலாம். இது பயம் இல்லை. நம்பிக்கை. இதை எப்படிக் குறைப்பது? குறைக்கத்தான் வேண்டுமா? நாளைக்குத் தீ என்று அவள் ஊதினால் இதே பிள்ளைகள் இதே கால்களோடு வெளியே வருவார்கள். ஒருவர்கூட "ஏன்" என்று கேட்டுக்கொண்டு உள்ளே நிற்கமாட்டார்கள்.

கசங்கல் சட்டை நிற்பான். "எங்கே தீ?" என்பான்.

சாயங்காலம் வீட்டில் பேச்சு குறைவாக இருந்தது. மெக்கானிக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கரி எப்போதோ போய்விட்டது. இன்னும் கழுவிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சும் சொல்லலை நீங்க," என்றாள் டீச்சர்.

"சொல்லக் கூடாது."

"வீட்லகூடவா?"

"வீட்லதான் முக்கியமா."

"இத்தனை வருஷமா என் பிள்ளைங்க திரும்பி வர்றாங்க. நான் அதையே நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். பக்கத்துல சாப்பிட்டுக்கிட்டே பார்த்துக்கிட்டிருந்திருக்கீங்க."

"ஒரு தடவை சொல்லலாம்னு வாயெடுத்தேன். நீ அப்ப வாண்டுக்கு, கேள்வி கேக்காம சாப்பிடுன்னு சொல்லிக்கிட்டிருந்தே. சரி, எனக்கும் சேர்த்துத்தான் போலன்னு சாப்பிட்டுட்டேன்."

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

"வெள்ளிக்கிழமை எந்த அதட்டலுக்கும் மசியாதேன்னு அவகிட்ட சொல்லி அனுப்பறேன்," என்றாள்.

"சொல்லு. நீ சொன்னா மசியமாட்டா." அவர் குழாயை மூடினார். "நீ சொன்னாங்கறதுக்காக மசியமாட்டா. அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

டீச்சர் இதை எதிர்பார்க்கவில்லை. கட்டளைக்குப் பணியாதே என்று கட்டளையிட்டால், பணிந்ததா பணியாததா? கணக்குப் புதிர் மாதிரி தலைக்குள் சுற்றியது. சுற்றச் சுற்ற அவளுக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

பெரியவள் உள்ளறையிலிருந்து வந்தாள். சுவரோரமாக நிற்கவில்லை. கையைப் பின்னால் கட்டவில்லை. நடுக்கூடத்தில், விளக்குக்கு நேர் கீழே வந்து நின்றாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு கண்ணு."

"உங்க முறை இல்லையாமே இன்னைக்கு. மாஸ்டர் உதவியாள்கிட்ட பேசிக்கிட்டிருந்தார், காதுல விழுந்துச்சு. ஏன் கேட்டு வாங்கி உள்ளே உட்கார்ந்தீங்க?"

மெக்கானிக் மின்விசிறியைப் பார்த்தார்.

"அங்க பார்க்காதீங்கப்பா."

அவர் மகளைப் பார்த்தார். தோளில் துண்டு தொங்கியது. கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வாயைத் திறந்து சொல்லக் கூடாது. எனக்கு வேற வழி தெரியலை. பூட்டுல என் மூஞ்சி இருந்தா நீ தொடமாட்டேன்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

"மாஸ்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆசையா வந்து உட்கார்றேன்னு நினைச்சுக்கிட்டார்."

"குழியில இருந்து என்ன கேட்டுது உங்களுக்கு?"

அவர் தோள் துண்டை இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நீ வர்றது கேட்டுது. உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். அப்புறம் பூட்டு திறக்கிற சத்தம்."

உள்ளே சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்த வாண்டு நிறுத்திவிட்டான்.

"நான் வெள்ளிக்கிழமை போகலை," என்றாள் பெரியவள்.

டீச்சரின் நாக்கு நுனியில் ஒரு சொல் வந்து நின்றது. *போற.* இத்தனை வருஷமாக அந்த ஒரு சொல்லில்தான் வீடு நடந்தது. அது வெளியே வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"ஏன்?"

அவள் குரலாகவே அது இல்லை. காலையில் பெஞ்சில் கேட்ட குரல் மாதிரி இருந்தது.

"சொல்றேன். முதல்ல உட்காரு."

டீச்சர் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான், எதற்கு என்று கேட்காமலே உட்கார்ந்துவிட்டது தெரிந்தது. உள்ளேயிருந்து வாண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. அவனை அதட்டத் தோன்றவில்லை.

பெரியவள் அப்பாவைப் பார்த்துப் பேசினாள்.

"அந்தச் சட்டை கசங்கின பையனுக்கும் நீங்கதான் உள்ளே இருந்தீங்க. அவன் தொடலை. ஆனா அவனுக்காக நீங்க உட்காரலை. எனக்காக உட்கார்ந்தீங்க. அப்படியும் நான் திறந்துட்டேன். இப்ப எனக்கு மட்டும் வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை. நான் சுவிட்சை விட்டு நகராம நின்னதுக்காக மாஸ்டர் கூப்பிடறார். வேற யாரோ உள்ளே இருந்திருந்தா நான் அப்படி நின்னிருப்பேனா? எனக்குத் தெரியலைப்பா. அவருக்கும் தெரியாது."

"அதுக்கு?"

"நடந்ததை அவர்கிட்ட சொல்லணும். நீங்க குறிப்பு கொடுத்தீங்கன்னு. அப்புறமும் அவர் வரச்சொன்னா போறேன். இல்லைன்னா இல்லை."

மெக்கானிக் துண்டால் கையைத் துடைத்தார். விரல் விரலாக.

"சொன்னா அந்த இடம் போயிடும். உனக்கு வேற வருஷம் இல்லை."

"தெரியும்."

"என்னையும் சும்மா விடமாட்டாங்க. சீனியர்னு பார்க்கமாட்டாங்க. குழியில உட்காரவே விடமாட்டாங்க."

பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதை அவள் யோசித்திருக்கவில்லை என்பது தெரிந்தது. இப்போது யோசித்தாள். கண் நிறைந்தது. தலையை மட்டும் தாழ்த்தவில்லை.

"நாளைக்குக் காலைல அவர் கூடத்துல இருப்பார்," என்றாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். வீட்டில் எது என்றாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியவள் பேசாமல் உள்ளே போய்விடுவாள். வெள்ளிக்கிழமை ஒழுங்காகத் தலைவாரிக்கொண்டு போய் நிற்பாள். இடம் கிடைத்தாலும் கிடைக்கும்.

டீச்சர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கின் கீழே நிற்கிற இந்தப் பெண்ணை யார் வளர்த்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.